சுளகுக்கு ஓர் ஆசிச்செய்தி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கவேண்டிய கூட்டம், மூன்றே முக்காலுக்கு மங்கள விளக்கேற்றலுடன் ஆரம்பமானது. விளக்கேற்றியவர்கள் நான்கு பேர். கூட்டத்துக்கு வந்தவர்களும் அதே நான்கு பேர்தான். ஐந்தாவது திரி மிஞ்சியது. அதையும் தலைவரே ஏற்றினார்.

ஜெசிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணிக்குள் இந்தக் கூட்டம் ஒரு முடிவுக்கு வராவிட்டால், குடாநாட்டில் அந்த வாரம் நடந்த கலியாணங்களில் பாதிக்குப் படமே இல்லாமற் போகும். அப்படிப் போனால் அதற்குப் பொறுப்பு அவள் எழுதிய கணினி நிரல்.

நிரலின் பெயர் சுளகு, நெல் புடைக்கிற அதே சுளகு. குருநகரில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் கிறிஸ்ரி, ஒரே படத்தை நாலு இடத்தில் நாலு பெயரில் சேமித்துவிட்டு, இடம் போதாதென்று கணினியைத் திட்டுகிற ஆள். அவன் வாயை அடைக்கத்தான் அவள் அதை எழுதினாள். பொத்தான், படம், அலங்காரம் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் ‘சுளகு’ என்று தட்டினால் இரட்டித்த படங்களைப் புடைத்துத் தள்ளிவிடும். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டுவைத்தாள். நெல்லியடிப் பெடியன் கஜானன் எடுத்துத் திருத்தினான். பத்துப் பன்னிரண்டு ஸ்ரூடியோக்கள் எடுத்துப் பாவித்தன. அத்தோடு விட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால், மூன்றாவது ஆள் வந்து அதற்கு ஒரு சங்கம் அமைத்துவிடுவார். வந்தவர் சீவரத்தினம். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. எத்தனை சங்கங்களுக்குத் தலைவர் என்று அவருக்கே நிச்சயமில்லை. தெல்லிப்பழைப் பக்கத்து வாசிகசாலை ஒன்றின் மேல்மாடியைக் கூட்டங்களுக்கு இலவசமாக எடுத்துத் தந்தார். கையோடு ஒரு யாப்பும் எழுதித் தந்தார். யாப்பின்படி, முன்மொழிந்து வழிமொழிந்து நிறைவேறாத ஒரு வரியும் சுளகுக்குள் போகக்கூடாது. புதிய பதிப்பை வெளியிடும் திறவுகோல் தலைவரிடம் மட்டுமே இருக்கவேண்டும். அது ஒரு பென்டிரைவுக்குள் இருந்தது. பென்டிரைவ் தலைவரின் சாவிக்கொத்தில், வாசிகசாலைக் கழிப்பறைச் சாவிக்குப் பக்கத்தில் தொங்கியது.

“ஒரு நிமிட மௌன அஞ்சலி,” என்றார் சீவரத்தினம்.

“ஆருக்கு சேர்?” என்று கஜானன் கேட்டான்.

“பொதுவாய்.”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதற்குப் பிறகு தலைமையுரை. ஆதிமனிதன் கல்லில் எழுதியதிலிருந்து புறப்பட்ட தலைவர், கணினிக்கு வந்துசேர்ந்தபோது கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது.

“அடுத்த பதிப்புக்கான மேம்பாடுகளும் திருத்தங்களும்,” என்று செயலாளர் கேதீஸ்வரி வாசித்தார். அவர் கணித ஆசிரியை. கூட்டல் கழித்தல் பிழைத்தாலும் பொறுப்பார், கூட்டத் தீர்மானம் பிழைக்கப் பொறுக்கமாட்டார்.

ஜெசிதா முந்திக்கொண்டாள். “சேர், ஒரு அவசரத் திருத்தம். நெல்லியடி ஸ்ரூடியோக்காரர் காலமை எனக்குப் போன் எடுத்தவர். போன கிழமை எடுத்த கலியாணத்தில மணவறைப் படம் ஒண்டே ஒண்டுதான் மிஞ்சியிருக்காம்.”

“நல்லதுதானே. இடம் மிச்சம்.”

“சேர், முன்னூறு பேர் மாறி மாறி ஏறி நிண்டு எடுத்த படங்கள். பொம்பிளை மாப்பிளை அதே இடத்தில அதே சிரிப்போடை நிக்கினம். பின்னால அதே பூ. பக்கத்தில நிக்கிற சொந்தக்காரர் மட்டும்தான் மாறினவை. சுளகு எல்லாத்தையும் ஒரே படமெண்டு நினைச்சு, ஒண்டை வைச்சிட்டு மிச்சத்தை அழிச்சுப் போட்டுது.”

“மிஞ்சின படத்தில ஆர் நிக்கினம்?” என்று கேதீஸ்வரி கேட்டார்.

“ஜெனரேற்றர்காரன்,” என்றான் கஜானன். “சாப்பிடப் போனவனை ஆரோ மேடையில ஏத்திவிட்டிருக்கினம். பொம்பிளையின்ரை தாய் ஒரு படத்திலயும் இல்லை. மனிசி இப்ப ஸ்ரூடியோ வாசல்ல குந்தியிருக்குதாம்.”

கேதீஸ்வரி சிரிப்பை அடக்க இருமினார். சீவரத்தினம் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முன்பு சுளகு அச்சொட்டாக ஒன்றாயிருந்த படங்களை மட்டுமே அழித்தது. ‘ஏறக்குறைய ஒன்றுபோல’ இருப்பவற்றையும் அழிக்கவேண்டும் என்று போன கூட்டத்தில் கொண்டுவந்தவர் அவர். ஜெசிதா வேண்டாமென்று தலையிலடித்துச் சொன்னாள். தீர்மானம் நிறைவேறியது. அந்த வசதிக்கு ‘சீவரத்தினம் முறை’ என்று பெயரும் சூட்டி, அவருக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

“அப்ப பிழை என்ரை முறையில எண்டு சொல்லுறீரோ, பிள்ளை?”

“அப்பிடி இல்லை சேர். இப்போதைக்கு அதை நிப்பாட்டி வைப்பம் எண்டுதான்...”

“ஒரு மனிசன்ரை பேரில இருக்கிறதை நிப்பாட்டி வைக்கிறதோ? பேர்வழி உயிரோடை இருக்கேக்கையோ?” அவர் செயலாளரின் பக்கம் திரும்பினார். “ரீச்சர், பிழை எண்டு பதியாதேங்கோ. ‘எதிர்பார்த்ததிலும் கூடிய வெற்றி’ எண்டு பதியுங்கோ. விசாரிக்க ஒரு உபகுழு போடுவம். உபகுழு ஆறுதலாய் இருந்து பாக்கட்டும்.”

“சேர், ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு சுளகு எல்லா ஸ்ரூடியோவிலயும் தானாய் எழும்பும். புதுப் பதிப்பு இருந்தால் இறக்கும். இல்லாட்டிப் பழசை வைச்சே அழிக்கத் தொடங்கும். இண்டைக்கு முகூர்த்த நாள்!”

“உபகுழு கூடும்வரைக்கும் பொறுக்கச் சொல்லும்.”

“ஆருக்குச் சொல்ல?”

“சுளகுக்கு.”

ஸ்ரூடியோக்காரர்களுக்குச் சொல்லலாமென்று காலையிலிருந்தே அவள் முயன்றிருந்தாள். தானாக அழைத்த நெல்லியடிக்காரரைத் தவிர ஒருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. முகூர்த்த நாளில் கமராக்காரனுக்குக் கை இரண்டுதான். சொந்த அண்ணனே எடுக்கவில்லை. ஸ்ரூடியோவைப் பூட்டிச் சாவியோடு பருத்தித்துறைக்குப் போயிருந்தான்.

கஜானன் அவள் காதுக்குள் குனிந்தான். “அக்கா, நான் லைற்றை நிப்பாட்டுறன். நீங்கள் சாவிக்கொத்தைப் பறிச்சுக்கொண்டு ஓடுங்கோ.”

“விசரா, இது பகல்.”

தேநீரும் ரோல்ஸும் வந்தன. ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சீவரத்தினம் தம்முடைய முக்கிய பிரேரணையை எடுத்தார். முந்தினநாள் தம் மருமகனின் கணினியில் முதன்முதலாகச் சுளகைத் தட்டிப் பார்த்தாராம். மிகுந்த மனவருத்தமாம்.

“தட்டினவுடனை வேலையைத் தொடங்குது! ஒரு வணக்கம் இல்லை, வரவேற்பு இல்லை. ஆர் வெளியிட்டது, ஆர் தலைவர், ஒண்டுமில்லை. ஒரு கோயில் மலருக்கே பதினெட்டு ஆசிச்செய்தி போடுறம். இவ்வளவு பெரிய மென்பொருளுக்கு ஒண்டாவது வேண்டாமோ?” அவர் சட்டைப் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்தார். “தலைவரின் ஆசிச்செய்தி. தற்செயலாய் எழுதிக் கொண்டுவந்தனான். ‘அன்று ஆதிமனிதன் நெல்லைப் புடைத்தான். இன்று மனிதன் படத்தைப் புடைக்கிறான். நாளை எதைப் புடைப்பானோ!’ இது ஆரம்பம்தான்.”

கஜானன் வாயில் இருந்த தேநீரைச் சிரமப்பட்டு விழுங்கினான். “சேர், கறுப்புத் திரையில அது நிக்காது. கண்மூடித் திறக்க முன்னம் மேல ஓடிப் போயிடும். ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்.”

“ஓடிப் போயிடுமோ?” தலைவரின் முகம் விழுந்தது. கலியாண வீடுகள் பாழாய்ப் போவதைக் கேட்டபோது விழாத முகம்.

அவனோடு சேர்ந்து தானும் ஒரு வார்த்தை சுடச்சுடச் சொல்ல ஜெசிதா வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடினாள். தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“ஓடாமல் நிப்பாட்டலாம் சேர்,” என்றாள். “செய்தியைக் காட்டிப்போட்டு, ஆராவது வந்து வாசிச்சு முடிச்சு ஒரு விசையை அழுத்தும்வரைக்கும் சுளகு ஒரு வேலையும் செய்யாமல் அப்பிடியே நிக்கும். வாசிக்காமல் ஒருத்தரும் தாண்டேலாது.”

சீவரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒருத்தரும்?”

“ஒருத்தரும்.”

“உதைத்தான் பிள்ளை ஒழுக்கம் எண்டு சொல்லுறது!”

“ஆனால் இண்டைக்கே வெளியிடவேணும் சேர். ஆறு மணியை விட்டால் பேந்து அடுத்த ஞாயிறுதான்.”

“அதுக்கென்ன, இப்பவே வெளியிடுவம். ரீச்சர், பதியுங்கோ.”

கஜானன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். “அக்கா, உங்களுக்கு என்ன பிடிச்சது?” மேசைக்குக் கீழே அவனுடைய காலில் ஓர் உதை விழுந்தது. “வழிமொழியிறன்,” என்றான், வலியோடு.

ஜெசிதா மடிக்கணினியைத் திறந்து தட்டத் தொடங்கினாள். ஆசிச்செய்தியை முழுவதுமாகத் தட்டவேண்டியிருந்தது. சங்கங்களின் பெயர்ப்பட்டியல் மட்டும் ஒரு தாள். தன்னுடைய திருத்தத்தையும் இடையில் சொருகிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் கேதீஸ்வரி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“மாறின வரி எல்லாத்தையும் காட்டும் பாப்பம். உந்தக் கடைசி வரி என்ன?”

“விசை அழுத்துமட்டும் நிக்கச் சொல்லுறது, ரீச்சர்.”

கேதீஸ்வரி அந்த வரியைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, பாடசாலையில் பார்த்தெழுதுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல ஜெசிதாவைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“தீர்மானத்தில இருக்கு. சரி,” என்றார்.

சாவிக்கொத்தைத் தாம்பாளத்தில் வைத்துத்தான் கொடுக்கவேண்டுமென்று தலைவர் பிடிவாதமாக நின்றார். தாம்பாளம் கிடைக்கவில்லை. ரோல்ஸ் வந்த தட்டைக் கழுவி, அதில் வைத்துக் கொடுத்தார்கள். படமெடுக்க ஒருதரம், சரியாக வரவில்லை என்று இன்னொருதரம். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகச் சுளகின் புதிய பதிப்பு வெளியானது.

ஆறு மணி அடிக்கக் கூட்டம் நன்றியுரைக்குப் போனது. ஜெசிதா சொல்லாமல் கீழே இறங்கி வந்து, தன் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றாள். அவள் கணக்குப் பிழைத்திருந்தால் இந்நேரம் பத்துப் பன்னிரண்டு கணினிகளில் மாமன் மச்சான், பெரியம்மா சித்தப்பா எல்லாரும் அழிந்துகொண்டிருப்பார்கள். தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

நன்றியுரை முடிவதற்கு முன்னரே முதல் அழைப்பு வந்தது. கிறிஸ்ரி.

“எடியே, பருத்தித்துறையால இப்பதான் வந்து ஸ்ரூடியோவைத் திறந்தனான். ஆரடி சீவரத்தினம்? அந்த மனிசன் என்ரை கொம்பியூட்டருக்குள்ள இருந்து என்ன கதைச்சுக்கொண்டிருக்கிறார்?”

“அண்ணை, ஒரு விசையையும் தொடாதை! படம் ஏதும் அழிஞ்சுதோ?”

“எங்கை அழிக்கிறது? ஆதிமனிதனிலயே நிக்குது.”

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சுளகை அப்படியே மூடிவிட்டு, ஒன்றுபோல இருக்கிற படங்களை அழிக்கிற வசதியை எப்படி நிறுத்துவதென்று சொல்லிக்கொடுத்தாள். அவன் போனை வைக்க, அடுத்தவர் அழைத்தார். காலையிலிருந்து எடுக்காதவர்களெல்லாம் இப்போது தாங்களாகவே வரிசையில் வந்தார்கள். ஊரே எரிகிறதென்று நாங்கள் அழைத்தால் எடுக்கமாட்டார்கள். கணினி நின்றுவிட்டால் மட்டும் உடனே தாங்களே அழைப்பார்கள். சுன்னாகத்துக்காரர் வைரஸ் என்று பயந்திருந்தார். மானிப்பாய்க்காரர் யாரோ தேர்தலில் நிற்கிறார் என்று நினைத்திருந்தார். எல்லாருக்கும் அவள் அதையே சொன்னாள்.

மாடிப்படியில் கேதீஸ்வரி இறங்கி வந்தார். பின்னாலேயே சீவரத்தினத்தின் குரலும் வந்தது.

“பிள்ளை! ஆராவது வாசிச்சவையோ?”

“எல்லாரும் சேர்! ஒருத்தர்கூடத் தாண்டிப் போகேல்லை. எல்லாரும் அதிலையே நிக்கினம்!”

மேலே ஒரு திருப்தியான மௌனம். இது யாருக்குமான அஞ்சலி அல்ல.

கேதீஸ்வரி குடையை அக்குளுக்குள் செருகினார். “உதுக்குப் பேர் கள்ளம்.”

“ரீச்சர்...”

“ஆனால் யாப்புக்குள்ள நிண்டு செய்த கள்ளம். சரி, உபகுழுவுக்கு ஆள் போட்டாச்சு. நீர், நான், கஜானன். வியாழக்கிழமை கூடுறம். உம்மடை திருத்தத்தைக் கொண்டாரும்.”

“சேர் வந்து மறிச்சால்?”

“வியாழக்கிழமை அவருக்குக் கோப்பாயில வேறை சங்கம். நான்தானே அதுக்கும் செயலாளர்.”

மறுபடி தொலைபேசி அடித்தது. நெல்லியடி ஸ்ரூடியோக்காரர். குரலில் களைப்பு.

“தங்கச்சி, ஐயா நல்லாய்த்தான் எழுதியிருக்கிறார். பொம்பிளையின்ரை தாய்க்கும் வாசிச்சுக் காட்டினனான். மனிசி எழும்பி வீட்டுக்குப் போயிட்டுது.”