ஒரே வசனம்

சிவகௌரிக்குச் சீ எண்டு போச்சு. இரண்டு வருசமாய் வேலை முடிஞ்ச கையோட ஸ்டுட்கார்ட் முழுக்க வீடு வீடாய் ஏறி இறங்கிச் சேர்த்த ஐம்பத்திமூண்டு வாக்குமூலம். பாவனையாளர் சங்கத்து லோயர் லூக்காஸ் ஒரு நிமிசம் புரட்டிப்போட்டுத் தள்ளி வைச்சிட்டான்.

"எல்லாத்திலையும் ஒரே வசனம். எழுதினது ஆர்?"

வேறை ஆர்? ஜேர்மன் பாசையில கடிதமெண்டால் சனம் அவளிட்டைத்தான் வரும். எங்கட கஜரூபன் காப்புறுதிக் கொம்பனிக்கு ஆள் பிடிச்சுக் குடுத்தவன். மாதாமாதம் கட்டின காசைத் திருப்பி எடுக்கப் போனவைக்குக் கட்டினதில பாதிகூட வரேல்லை. தனித்தனியாய் வழக்குப் போட ஆருக்கு ஏலும்? எல்லாருக்கும் நடந்தது ஒரே மாதிரி எண்டு காட்டினால் கோர்ட் ஒரே வழக்காய் எடுக்கும் எண்டு லூக்காஸ்தான் முதல் சொன்னவன். 'எப்ப வேணுமெண்டாலும் முழுக்காசும் எடுக்கலாம்' எண்டு கஜரூபன் தனக்குச் சொன்னதாய், அவனை நம்பிக் காசு கட்டின மைதிலி சொன்னாள். சிவகௌரி அதையே எல்லாற்றை வாக்குமூலத்திலையும் எழுதிப்போட்டாள். நல்லது செய்யிறன் எண்ட நினைப்பு, பாவிக்கு!

"கொம்பனி நாலு பேரைக் கூப்பிட்டு விசாரிச்சால் வழக்குச் சரிஞ்சிடும். அவரவர் தங்கட கையால எழுதட்டும், தமிழில எண்டாலும் பரவாயில்லை. வழக்குப் பதிய இன்னும் மூண்டு கிழமை இருக்கு" எண்டான் லூக்காஸ்.

முதல் வீடு இராசலிங்கத்தாற்றை. அறுபத்தாறு வயசிலையும் விடியக் காலமை பேக்கரியில மா மூட்டை தூக்கிற மனுசன். இந்தக் காசு வந்தால்தான் வேலையை விடலாம்.

"திரும்பவுமோ? நீங்களே எழுதுங்கோ தங்கச்சி" எண்டு வெறுந்தாளின்ர அடியில கையெழுத்தை வைச்சு நீட்டினார்.

"போன முறை நான் எழுதினதை வாசிச்சனீங்களோ?"

"ஏன் வாசிக்க? நீங்கள் எங்கட ஆள்தானே."

"கஜரூபனும் எங்கட ஆள்தானே அண்ணை!"

சத்தம் போட்ட பிறகுதான் அவளுக்கு உடம்பு கூசிச்சுது. இந்த இடத்தில கையெழுத்து வையுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன் எண்டுதானே அவளும் சொன்னவள். தாளைக் கிழிச்சுப்போட்டுப் புதுத்தாள் ஒண்டை அவருக்கு முன்னாலை வைச்சாள்.

"உள்ளதைச் சொல்லுங்கோ. அவன் உங்களுக்கு என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி குடிச்சான், கையெழுத்து வைக்கிற இடத்தைக் காட்டினான். நானும் ஒண்டும் கேக்கேல்லை."

"எப்ப வேணுமெண்டாலும் எடுக்கலாம் எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை. அது நீங்களே எழுதினதாக்கும் தங்கச்சி."

சிவகௌரி பேனையை அவற்றை கையில குடுத்தாள். "அப்ப, ஒண்டும் சொல்லேல்லை எண்டே எழுதுங்கோ."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாய் எழுதத் தொடங்கினார். முதல் வரிக்கே பத்து நிமிசம் போச்சு. பேனையைப் பறிச்சு எழுதிக் குடுக்கச் சொல்லிக் கை துடிச்சுது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழை வைச்சுக்கொண்டு இருந்தாள். இன்னும் ஐம்பத்திரண்டு வீடு இருக்கு.