ஆணி டயரின் சாதகம்

நகுலேஸ்வரனுக்கு ஐம்பத்துமூன்று வயதில் விசர் பிடித்துவிட்டது என்று மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் அவரைத் தெரிந்த அத்தனை தமிழரும் ஒரே குரலில் சொன்னார்கள். பனிக்காலத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போக ஒரு மனிதன் ஆசைப்பட்டால் அது விசரா? மொன்றியலில் எத்தனை வெள்ளைக்காரர் போகிறார்கள்! அவர்கள் போனால் உடற்பயிற்சி, நம்மவர் போனால் விசர். நல்ல நியாயம்.

சைக்கிள் என்றால் மெலிந்த சக்கரமும் வளைந்த கைபிடியுமாக வீதியில் பறக்கிற ரகம். வேலைத்தலத்துக்கு அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் தொலைபேசி இல்லை, மனேஜர் இல்லை, லவாலில் வீடு வாங்கிய கதையை முந்நூறாவது தடவை சொல்லும் மைத்துனர் இல்லை. முழு நாளிலும் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். போன தை மாதம் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் பனிக்கட்டியில் சைக்கிளோடு சறுக்கித் தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அன்றைக்கே அவர் மனைவி புஷ்பராணி சைக்கிளை நிலவறையில் பூட்டிப்போட்டு, திறப்பைத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் பனி இல்லை. அவளுடைய குறிப்பில், அதாவது சாதகத்தில், எட்டாம் வீட்டில் செவ்வாய். செவ்வாய் இல்லாதவன் அப்படிப்பட்டவளைக் கட்டினால் நிலைக்கமாட்டான் என்பது ஊர்ப் பேச்சு. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் குறிப்புப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? கட்டிவிட்டார்கள். இருபத்தாறு வருடமாக அவர் தும்மினாலும் அவள் தன் செவ்வாயைத்தான் திட்டுவாள். அவர் சிரிப்பார். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

கார்த்திகை பிறந்ததும் நகுலேஸ்வரன் ஹென்றியின் சைக்கிள் கடைக்குப் போனார். ஹென்றி தன் பழைய பற்றுச்சீட்டில் சைக்கிளின் அளவைப் பார்த்துவிட்டு, அந்த மெலிந்த சைக்கிளுக்குள் அகலமான டயர் எதுவும் நுழையாது, இரண்டு வகைதான் உண்டு என்று பிரெஞ்சில் சொன்னான். ஒன்று, குளிரிலும் இறுகிப்போகாத மெதுரப்பர் டயர். வெறும் பனிக்குப் போதும், கட்டிபட்ட பனிக்கு நம்ப முடியாது. மற்றது ஃபின்லாந்து டயர். உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஆணி பதித்தது, கண்ணாடித் தரையிலும் பிடிக்கும். அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஏதோ இலக்கம். அது என்ன என்று இவர் கேட்டார். டயர் பிறந்த வாரமும் வருடமும் என்றான் ஹென்றி.

பிறந்த திகதி! நகுலேஸ்வரனுக்கு மூளையில் மின்னலடித்தது. ரொறன்ரோ பக்கம் ஸ்காபரோவில் சாதகம் பார்க்கும் சாத்திரியார் சொன்னால் புஷ்பராணி கிணற்றிலும் குதிப்பாள். அவர் வாயாலேயே 'ஓடலாம்' என்று சொல்லவைத்துவிட்டால் திறப்பு தானாக வரும். மனுசன் கடையில் நின்றபடியே அழைப்பை எடுத்தார்.

"ஆருக்குத் தம்பி குறிப்பு?"

"ரயருக்கு, ஐயா. சைக்கிளுக்கு ரெண்டு வகை கிடக்கு, எது நல்லதெண்டு பாருங்கோ."

சாத்திரியார் அசரவில்லை. லொறிக்குக் குறிப்பு எழுதியவர், புல்லு வெட்டும் மெஷினுக்கும் ஒருமுறை எழுதியவர். டயர் என்ன பெரிய டயர்.

"பிறந்த நேரம்?"

"ஆனி மாதக் கிழமை ஒண்டு. அவ்வளவுதான் தெரியும்."

"எந்த ஊர்?"

"ஃபின்லாந்து."

"அங்கை கோடையிலை இருட்டாதாமெல்லே? அப்ப பகல் பிறப்பெண்டு போடுறன். மற்ற ரயர்?"

மற்றதன் இலக்கத்தையும் இவர் வாசித்தார். சாத்திரியார் முணுமுணுத்துக் கணக்குப் போட்டார்.

"மற்றதை விடும். சந்திரன் பலமில்லை, ஈரத்திலை குணம் மாறும். ஃபின்லாந்துக்காரன் நல்ல சாதகம். பிள்ளை புஷ்பராணி வீட்டிலை நிக்கேக்கை எடும், விளக்கமாய்ச் சொல்லுறன்."

நகுலேஸ்வரன் இரண்டு ஆணி டயரையும் வாங்கித் தோளில் கொழுவிக்கொண்டு, கலியாணத்துக்கு மாலை வாங்கிய தோரணையில் வீடு வந்தார். சாப்பாட்டு மேசையில் டயரை வைத்து, பக்கத்தில் போனை வைத்து, புஷ்பராணியை இருத்தினார்.

"பிள்ளை, அருமையான ரயர்," என்று தொடங்கினார் சாத்திரியார். "உடம்பெல்லாம் இரும்பு. ஆனால் எட்டிலை செவ்வாய். தம்பிக்குச் செவ்வாய் இல்லை. அவர் ஏறக்கூடாது. செவ்வாய் உள்ள ஆள்தான் இதுக்குப் பொருத்தம்."

நகுலேஸ்வரனின் முகத்தில் ஈயாடவில்லை. சொந்தச் செலவிலேயே சூனியம் வைத்துக்கொண்டார், பாவம்.

புஷ்பராணி டயரைப் பார்த்தாள். அதன் ஆணிகளை விரலால் தடவினாள்.

"எனக்கு எட்டிலை செவ்வாய், ஐயா."

"எனக்குத் தெரியாதே பிள்ளை? பத்துக்கு ஒன்பது பொருத்தம். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்."

அவள் தாலிக்கொடியிலிருந்து திறப்பைக் கழற்றினாள்.

"புஷ்பம், அது என்ரை சைக்கிள்," என்றார் நகுலேஸ்வரன்.

"ரயர் என்ரை."

"உமக்கு ஓடத் தெரியுமே இந்தப் பனியிலை?"

"யாழ்ப்பாணத்திலை சைக்கிள் ஓடாத பெட்டை ஆரப்பா? சீற்றைப் பதிச்சு விடுங்கோ."

அவரே டயரை மாட்டினார். அவரே காற்றடித்தார். ஆணிகள் இறுகும்வரை வெறும் தார் வீதியில் மெல்ல ஓடவேண்டும் என்று ஹென்றி சொன்னதையும், வேறு வழியில்லாமல், அவரே சொல்லிக்கொடுத்தார். புஷ்பராணி பஞ்சு அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்துக்குச் சைக்கிளில் போய்வரத் தொடங்கினாள். தாளிதத்தில் கடுகு வெடிக்கிற மாதிரி ஆணிகள் சத்தம் போட அவள் போவதை இவர் பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்ப்பார். வயிறு எரியும். ஒரு மனிதனுடைய அரை மணித்தியாலத்தைக் கட்டின பெண்சாதியே களவெடுத்தால் எங்கே போய் முறையிடுவது?

மார்கழியில் ஒரு காலை உறைமழை பெய்தது. வீதி, நடைபாதை, படிக்கட்டு எல்லாம் கண்ணாடி. அன்றைக்கும் புஷ்பராணி சைக்கிளை இறக்கினாள்.

"இண்டைக்கு வேண்டாம் புஷ்பம்."

"இப்பிடியான நாளுக்குத்தானே ஆணி," என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

நகுலேஸ்வரன் வாசலில் நின்றார். அவள் முதுகு சின்னதாகிக்கொண்டு போனது. எதிரே பனி கரைய உப்புத் தூவும் லொறி ஒன்று திரும்பியது. எரிச்சல் போன இடம் தெரியவில்லை. "புஷ்பம், நில்லும்" என்று கத்திக்கொண்டு சப்பாத்தோடு ஓடினார். அவர் சப்பாத்தில் ஆணி கிடையாதே. மூலையில் இரண்டு காலும் மேலே போக, மனுசன் தொப்பென்று விழுந்தார். கணுக்கால் முறுகியது.

சத்தம் கேட்டுப் புஷ்பராணி அதே பனிக்கட்டியில் ஆடாமல் அசையாமல் திரும்பி வந்து பக்கத்தில் நிறுத்தினாள். அவரைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாள்.

"பாத்தீங்களே, சைக்கிளிலை ஏறாமலே விழுத்திப்போட்டுது என்ரை செவ்வாய்."

"செவ்வாயுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. நீர் விழுந்திடுவீர் எண்டு பயந்து ஓடி வந்தனான். மூச்சே வரேல்லை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"எனக்கு இருபத்தாறு வருசமாய் அப்பிடித்தான்," என்றாள்.

இத்தனை வருடம் அவள் பயத்தைப் பார்த்துச் சிரித்ததை நகுலேஸ்வரன் நினைத்தார். எழும்பப் பார்த்தார், கால் ஊன்ற முடியவில்லை. அவள் அவருடைய கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்கி, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தாள்.

"சைக்கிள் பாரிலை ஏறுங்கோ."

"விசரே உமக்கு? சனம் பாக்குது."

சனம் பார்க்கத்தான் செய்தது. பஸ் சாரதி கூட பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பார்த்தான். ஐம்பத்துமூன்று வயது மனிதர் மெலிந்த பாரில் குந்தி, வளைந்த கைபிடிக்கு நடுவில் முழங்காலைச் செருகிக்கொண்டார். அவள் பின்னாலிருந்து மிதித்தாள். ஆணிகள் கிறீச்சிட்டுப் பிடித்தன.

"புஷ்பம், விழுந்திட்டால்?"

"விழுந்தால் ரெண்டு பேரும் ஒண்டாய் விழுவம்," என்றாள் புஷ்பராணி, அவர் தோளுக்கு மேலால் பாதையைப் பார்த்தபடி. "அதுக்கு எனக்குப் பயமில்லை. காலை மடக்குங்கோ, சில்லிலை முட்டுது."

அவர் காலை மடக்கிக்கொண்டார்.