நாள் தாண்டிய பொட்டலங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு என் கணவர் அதைச் சொன்னார். நுரையோடு சொன்னால் பாதி புரியாது, புரியாததற்கு நான் சண்டை போட முடியாது என்று கணக்குப் போட்டிருப்பார். எனக்கு எல்லாம் நன்றாகவே புரிந்தது. எங்கள் வீட்டுக் குழந்தைக் கட்டிலை எதிர்மேசைக்காரிக்கு இரவல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவளும் அவள் புருஷனும் பதினோரு மணிக்கு வண்டியோடு வந்துவிடுவார்கள். நமக்குத்தான் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதே, சும்மா கிடக்கிற சாமான்தானே, பாவம் அவர்கள் பிள்ளை துணிக்கூடையில் தூங்குகிறதாம் என்று வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மீதியைச் சொன்னார். ஊருக்கெல்லாம் நல்லவர். சுமப்பவள் நான், வாரி வழங்குபவர் இவர்.

எதிர்மேசைக்காரி என்று நான் வைத்த பேர்தான். பன்னிரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் எனக்கு எதிரே ஒரே மேசையில் நின்று வேலை செய்கிறாள். அறுவை அறையிலிருந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பொட்டலம் கட்டி, நீராவி மெஷினில் ஏற்றி, திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. பொட்டலத்தில் ஒட்டுகிற டேப்பில் வெளிர் வரிகள் இருக்கும். உள்ளே போய் வெந்து வந்தால் வரி கறுத்துவிடும். அதன்மேல் தேதி, எத்தனையாவது லோடு, கட்டியவர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் உள்ளே இருப்பது தங்கமே ஆனாலும் அழுக்குதான். பிரி, கழுவு, மறுபடி கட்டு என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இதைச் செய்து செய்து கை தானாகப் பழகிவிட்டது. வீட்டில் பருப்பு டப்பாவுக்குக்கூட நான் தேதி போட்டுத்தான் வைப்பேன். என் கணவர் கேலி செய்வார், ஒருநாள் என் நெற்றியிலும் டேப் ஒட்டிவிடுவாய் என்று.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவை. மூன்றாவது வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் அவள் வயிறு, இந்தப் பக்கம் என் வயிறு. எனக்கு நாற்பது வயது, கல்யாணமாகிப் பதினாலு வருடம். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பற்களால் மட்டும். எனக்குப் பின்னால் பிறக்க வேண்டிய அவள் பிள்ளை அவசரப்பட்டு, இன்றைக்கு மூன்று வாரம் முன்னால், குறைமாதத்திலேயே பிறந்துவிட்டது. அவளிடம் ஒரு துணிகூட இல்லை. இரண்டாவது பிள்ளையின் சாமான்களை ஏழு வருடத்துக்கு முன் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அந்த யாரோவுக்குப் போவதற்கு முன் அதையெல்லாம் என்னிடம்தான் கொண்டுவந்தாள். மூன்று பை நிறைய, துவைத்து, இஸ்திரி போட்டு. வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, என்றைக்காவது தேவைப்படும் என்று எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்தாள். உன் பிள்ளை மூத்திரம் பெய்த துணி எனக்கு எதற்கடி என்று கேட்டேன். முகத்தில் அடித்தாற்போல் இருந்திருக்கும். அவள் அதையும் சிரித்து மழுப்பிவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்போது வாங்க வருகிறாள். தப்பு என் வாயில்தான். போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் யாரோ கேட்டார்கள், எல்லாம் வாங்கியாச்சா என்று. வாங்கியாச்சு, எல்லாம் பாக்கெட்டில் இருக்கிறது, பிரிக்கக்கூட இல்லை என்று பீற்றிக்கொண்டேன். பிரிக்காத சாமான் என்ற அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. என்னிடம் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, அவள் புருஷன் மூலமாக என் கணவரைப் பிடித்திருக்கிறாள். இரண்டு ஆண்களுக்கும் நல்ல பழக்கம். இவர் லிஃப்ட் மெக்கானிக், அவர் லாரி டிரைவர். சேர்ந்தால் உலகத்தில் யார் யார் வேலை தெரியாதவர்கள் என்று பேசுவார்கள்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். நாலு மாடி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. வயிறு காலியாகி, முகம் வெளுத்து, கழுத்து எலும்பு தெரிந்தது. பிள்ளையை மாமியாரிடம் விட்டு வந்திருக்கிறாள். பிறக்கும்போது ஆயிரத்து எழுநூறு கிராம், நேற்றைக்கு ஆயிரத்து தொள்ளாயிரம் என்று தண்ணீர் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் சொன்னாள். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கண் என் வீட்டைச் சுற்றி வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் இருவரும் கட்டிலைப் புரட்டி, கதவில் இடித்து, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே மாடிப்படிக்குக் கொண்டுபோனார்கள். போகிற போக்கில் என் கணவர், சின்னத் துணி ஏதாவது இருந்தால் அதையும் கொடேன் என்று பெரிய மனசோடு சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குத் தெரிந்தது கட்டில் மட்டும்தான். துணி விஷயம் அவருக்குத் தெரியாது. கொடுக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எனக்குள் ஒரு திமிர் வந்தது. நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று இவள் பார்க்கட்டும் என்று தோன்றியது. பழைய துணியைப் பையில் திணித்துக் கொண்டுவந்தாளே, ஒரு சாமானை எப்படிக் கட்டி வைக்க வேண்டும் என்று பார்க்கட்டும். படுக்கையறைக்குள் கூட்டிப்போய் இரும்பு பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். நீலத்தாளில் கட்டிய பொட்டலங்கள், மூலை மடிப்பு ஒன்றுகூடப் பிசகாமல், மூன்று அடுக்கு. ஒரு கணம் எனக்கே பெருமையாக இருந்தது. அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். எடுத்ததும், நாங்கள் இருவரும் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் செய்வதைச் செய்தாள். திருப்பி, டேப்பைப் படித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேதி போட்டிருக்கிறேன். லோடு நம்பர் போட்டிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கை தன் பழக்கத்துக்குப் போட்டுத் தொலைத்திருக்கிறது.

அவள் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அப்புறம் அடுத்த அடுக்கிலிருந்து ஒன்று. அவள் உதடு அசைந்தது. ஒன்பது வருடம் முன்னால். ஏழு வருடம் முன்னால். நாலு வருடம் முன்னால். நான் பீரோக் கதவை மூடப் போனேன், அவள் முழங்கை குறுக்கே இருந்தது.

“வரி கறுத்திருக்கு. மெஷின்ல போட்டிருக்கீங்க” என்றாள்.

ஆமாம், போட்டேன். ஒவ்வொரு முறையும் மூன்றாவது மாதம் தாண்டியதும் கடைக்குப் போய் வாங்குவேன். யாருக்கும் சொல்லமாட்டேன். அறுவைத் துணிகளோடு ஒளித்து மெஷினில் ஏற்றுவேன். மேலதிகாரிக்குத் தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். கடையிலிருந்து வந்த துணியில் எத்தனை கை பட்டிருக்கும், என் பிள்ளைமேல் ஒரு கிருமி படக்கூடாது என்று நினைத்தேன். பிள்ளைதான் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் லீவு எழுதிக் கொடுத்தேன், வயிற்றுவலி என்று. பொய் இல்லை.

அவள் மறுபடி அந்த ஏழு வருடத்துப் பொட்டலத்தை எடுத்து, அதன் டேப்பிலேயே கண்ணை வைத்திருந்தாள். “இந்த மாசம்தான் நீங்க பத்து நாள் வரல. உங்க ஷிஃப்டையும் நான்தான் பாத்தேன். திரும்பி வந்த மறுநாள் நான் அந்தப் பைகளைக் கொண்டாந்தேன்.”

அவளுக்கு எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது, அது எனக்கு அருவருப்பாக இருந்தது. பன்னிரண்டு வருடம் எதிரே நின்ற ஒருத்தி இரண்டு நிமிடத்தில் என்னை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுவிட்டாள். இப்படிக் கட்டி வைத்ததை என் கணவருக்கே நான் சொன்னதில்லை. அழுது கட்டிப்பிடிக்கப் போகிறாள், பாவம் அக்கா என்று சொல்லப் போகிறாள், சொன்னால் கன்னத்தில் ஒன்று வைத்துவிட வேண்டும் என்று தயாராக நின்றேன். அவள் கையிலிருந்த பொட்டலத்தை மெதுவாக, சத்தம் வராமல், இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தன் உடுப்பில் துடைத்துக்கொண்டாள். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை.

“இந்த வருஷத் தேதி ஒண்ணுகூட இல்லையேக்கா.”

“வாங்கல” என்றேன். “இருக்கிறதே போதும்.”

“அந்தக் கட்டில்?”

“நாலு வருஷம்.”

அவள் தலையாட்டினாள். வேண்டாம் என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றாள். கூடையே பழகிவிட்டது, அவன் அதில் நன்றாகத்தான் தூங்குகிறான், நாங்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறோம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்து நகர்ந்தாள். காலையிலிருந்து இவளுக்கு எதையும் கொடுக்கக்கூடாது என்று குமுறிக்கொண்டிருந்தவள் நான். இப்போது அவள் வேண்டாம் என்றதும் எனக்குத் தலைக்கு ஏறியது. இரண்டு பொட்டலங்களை எடுத்து அவள் பையில் திணித்தேன். வெந்த துணி, ஒரு கை படவில்லை, உன் வீட்டுக் கூடையைவிட ஆயிரம் மடங்கு சுத்தம் என்று கத்தினேன். நாள் தாண்டியிருந்தால் என்ன, பிரி, கழுவு, போடு, உனக்குத் தெரியாத வேலையா என்றேன். அவள் அவற்றை வெளியே எடுத்துக் கட்டிலின்மேல், எங்கள் பெரிய கட்டிலின்மேல் வைத்தாள்.

“கிருமிக்குப் பயப்படலக்கா” என்றாள்.

மூன்று தடவை என் வயிற்றிலிருந்து போனவற்றின் பங்கு இது, அவள் அதைத் தன் பிள்ளைக்கு அருகில் கொண்டுபோக மாட்டாள். ஆஸ்பத்திரியில் இறந்தவர் வயிற்றைத் திறந்த கத்தியைக் கழுவி அடுத்தவருக்கு அனுப்புகிறவள். அதில் பயம் இல்லை, என் பிள்ளைகளின் சட்டையில் பயம். அவள் எதைச் செய்தாலும் தாங்கியிருப்பேன், அந்தத் துடைத்துக்கொண்ட கையைத் தாங்க முடியவில்லை. சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

“அப்ப கூடையிலேயே கிடக்கட்டும். எத்தனை நாள் கிடக்குதுன்னு பாப்போம்.”

சொன்னதும் என் வாயே கசந்தது. திரும்ப எடுக்க முடியாது. அவள் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. அடிக்க வருவாள் என்று நினைத்தேன், வந்திருந்தால் நல்லது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். என் வயிற்றைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை, மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து இடுக்கி எண்ணிக்கை கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“நீங்க போடுவீங்களா? இதை உங்க பிள்ளைக்கு? மனசாரச் சொல்லுங்க, நான் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போறேன்.”

போடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்காகத்தானே வைத்திருக்கிறேன். அதற்காகத்தானே இந்த முறை எதுவும் வாங்கவில்லை. அப்படித்தான் எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கினால் தேதி போட வேண்டும், அந்தப் பேனாவை எடுக்கப் பயந்துதான் வாங்கவில்லை என்று அவள் எதிரில் நின்றபோதுதான் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். நியாயமான அளவுக்குக் காத்திருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கீழே அவள் குரல் கேட்டது. விட்டுட்டு வாங்க, வேண்டாம். அவள் புருஷன் ஏதோ கேட்டார். அவள் தாண்டிப் போக விலக்கிப் பிடித்திருப்பார்கள்; அவர் கை விட்டதும் கட்டில் சுவரில் உரசியது. இரண்டு ஜோடிக் கால்கள் இறங்கிப் போயின, அப்புறம் கீழே வண்டிக் கதவு சாத்தப்பட்டது.

நான் வாசலுக்கு வந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கட்டில் சிக்கியிருந்தது. ஒரு கால் கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, இன்னொன்று சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்திருந்தது. அதற்குக் கீழே மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் மேலே வர வழியில்லாமல், கையில் ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தார். என் கணவர் மேல்பக்கத்தைத் தோளால் முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தார். வேர்த்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. கட்டிலின் கம்பிகளுக்கு நடுவில் முகத்தைத் திருப்பி என்னை அண்ணாந்து பார்த்தார்.

“மேல ஏத்தவா, கீழ எறக்கவா? சொல்லு” என்றார். “ரொம்ப நேரம் பிடிக்க முடியாது.”