ஐம்பது மில்லி குடுவை

ஒரகடத்தில் கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றின் கழிவுநீர் லேபில், காலையில் ஒளியை அளக்கும் மெஷினைச் சோதிக்காமல் எந்த வேலையும் தொடங்காது. மெத்திலீன் புளூ சாயக் கரைசலில் பத்து மில்லி எடுத்து, நூறு மில்லி குடுவையில் விட்டு, கழுத்திலுள்ள கோடுவரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். 0.42 என்று காட்டினால் மெஷின் சரி.

இது முத்துச்செல்வியின் வேலை. சாத்தான்குளத்துப் பெண். மூன்று மாதமாக அவள் நூறு மில்லி குடுவையைத் தொடுவதே இல்லை. ஐந்து மில்லி சாயம், ஐம்பது மில்லி குடுவை. பத்தில் ஒரு பங்கு எப்போதும் பத்தில் ஒரு பங்குதான், ரீடிங் மாறாது. சிக்கனக்காரி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஹாஸ்டலில் ஷாம்பு பாட்டிலை ஒரே வாரத்தில் காலி செய்கிறவள் அவள்.

விஷயம் வேறு. அந்த அரை லிட்டர் சாயத்தைக் கரைத்து வைத்தவன் பக்கத்து மேஜை அய்யாத்துரை. வள்ளியூர்க்காரன். கரைத்த மறுநாளே ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கடைசிச் சொட்டு ஊற்றும்போது குடுவைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "கோட்டைத் தொட்டுட்டா செல்வி?" என்று அவளையும் குனிய வைப்பான். லேபே அவனைத் துரையண்ணே என்று கூப்பிட்டது. அவள் மட்டும் ஒருநாளும் 'அண்ணே' சொன்னதில்லை. அந்த மடையனுக்கு அதுகூட உறைக்கவில்லை. போகும்போது "வாரேன்" என்றான், அவ்வளவுதான்.

அந்த நீலமும் தீர்ந்துவிட்டால் லேபில் அவனுடையது என்று ஒன்றும் மிஞ்சாது. அதுதான் அவள் பயம்.

ஆனால் சாயத்துக்கு ஒரு கெட்ட பழக்கம், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலின் உள்சுவர் நீலமாக நீலமாக, உள்ளே கரைசல் வெளுத்துக்கொண்டே வந்தது. 0.42 மெல்ல 0.40 ஆனது. வியாழக்கிழமை 0.37.

லேப் பொறுப்பாளர் ரத்னா, பிள்ளைப்பாக்கத்துக்காரர், இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னாம்மா இது, ரீடிங் இறங்கிகினே கீது? மெஷின் கோளாறா, சொல்யூஷன் கோளாறா? துரைக்குப் போன் போட்டு, சரியா எடை போட்டானான்னு கேளு. அப்பால அதைக் கொட்டிட்டுப் புதுசா போடு."

கொட்டிட்டு! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

இத்தனை நாள் அவனை அழைக்க ஒரு காரணம் கிடைக்காமல் தவித்தவளுக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. ஸ்டோர் ரூமுக்குள் போய் அழைத்தாள்.

"நா செல்வி பேசுதேன். அந்த மெத்திலீன் புளூ, எடை சரியாத்தான போட்டீங்க?"

"எது?"

"நீங்க போட்டுட்டுப் போனது."

"அது இன்னுமா இருக்கு? தெனம் பத்து மில்லி எடுத்தா ரெண்டு மாசத்துல தீந்திருக்கணுமே." அவன் மனசுக்குள் கணக்குப் போடுவது இங்கே தெரிந்தது. "செல்வி, நீ சின்ன குடுவையிலயா போடுத?"

குடுவை உடைந்துவிட்டது என்று பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா," என்றாள். "தீந்துரக் கூடாதுன்னு."

மறுமுனையில் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தேய்ந்தது; வெளியே வந்துவிட்டான் போல.

"தெரிஞ்சிருந்தா நா இங்க வந்திருக்கவே மாட்டேன்," என்றான். "இப்ப லீவு கேட்டா தர மாட்டானுவ. நீ அதைக் கொட்டிட்டுப் புதுசு போடு. அது தீருததுக்குள்ள வந்துருதேன். வந்து உங்க வீட்டுல பேசுதேன்."

கொட்டினாள். எவ்வளவு கழுவியும் பாட்டிலில் நீலம் முழுசாகப் போகவில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

மறுநாள் காலை புதுக் கரைசலோடு வந்தவள், ஐம்பது மில்லி குடுவையையும் நூறு மில்லி குடுவையையும் தள்ளி வைத்துவிட்டு, இருநூற்றைம்பது மில்லி குடுவையை எடுத்தாள். அதற்கு இருபத்தைந்து மில்லி சாயம் வேண்டும்.

"ஒரு ரீடிங்குக்கு இம்மாம் எதுக்கும்மா?" என்றார் ரத்னா.

முத்துச்செல்வி கோட்டைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"சீக்கிரம் தீரட்டும் மேடம்," என்றாள்.