சட்டைப் பையில் ஒரு போல்ட்

முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் போனேன். சட்டைப் பைக்குள் ஒரு போல்ட் விரலில் பட்டது. சின்ன போல்ட், சுண்டுவிரலின் பாதிகூட இருக்காது. வேறு யார் பையில் இருந்தாலும் அது வெறும் இரும்பு. நான் சைக்கிள் கடை மெக்கானிக். எங்கள் கடை டீமின் நான்கு பேர் நான் பூட்டிக் கொடுத்த வண்டிகளில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போகிற கடை வேனில், முன் சீட்டில், அந்தப் போல்ட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

நான் போட வேண்டிய போல்ட் என் பையில் இருக்கிறது என்றால், அது இருக்க வேண்டிய இடம் எங்கோ காலியாக இருக்கிறது. இந்த அளவு போல்ட் எங்கள் வண்டிகளில் இரண்டு இடத்தில்தான் வரும். ஒன்று, தண்ணீர் பாட்டில் செருகும் கூடு. அதில் ஒன்று குறைந்தால் பாட்டில் கடகடவென்று ஆடும், அவ்வளவுதான். இன்னொன்று, ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப். அதற்கு நான்கு போல்ட். நான்கையும் முதல் சுற்றில் பாதி இறுக்குவேன், இரண்டாம் சுற்றில் முழுதாக இறுக்குவேன். ஒன்று பையில் கிடக்கிறது என்றால் முதல் சுற்றே முடியவில்லை என்று அர்த்தம். மீதி மூன்றும் அரைகுறை. சமதளத்தில் தெரியாது, மேட்டிலும் தெரியாது. இறக்கத்தில் உடம்பின் பாரமெல்லாம் கைமேல் விழும்போது, ஏதாவது ஒரு குழியில் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் அம்மா போன் செய்தது நினைவுக்கு வந்தது. இதே சட்டையோடு, கையில் எதையோ பிடித்தபடிதான் எழுந்து போனேன். அப்போது பூட்டுகிற ஸ்டாண்டில் யார் வண்டி இருந்தது? மண்டையை உடைத்துக்கொண்டாலும் வரவில்லை. அம்மா பேசியது மட்டும் அப்படியே காதில் இருந்தது. "நீ பூட்டுற வண்டிங்கிறதாலதான் அவனை அனுப்புறேன். இல்லன்னா என்னைக்கோ நிறுத்தியிருப்பேன்."

அவன் என்றால் என் தம்பி. நான்கு பேரில் ஒருவன், நான்கு பேரில் உருப்படியாக ஓட்டுகிற ஒருவனும் அவன்தான். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று பெரிய டீம் ஒன்றின் மேனேஜர் சொல்லியிருந்தார். பந்தயம் முடியும் இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். வராவிட்டால் மாமாவின் கிடங்கில் வேலைக்குச் சேர்கிறேன் என்று தம்பி அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தான். கிடங்கு என்ற பேச்சை எடுத்தாலே அவன் முகம் செத்துப்போகும்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார் முதலாளி. கடையும் வேனும் அவருடையவை. ஓட்டுகிறவரும் அவர்தான்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். "எந்த வண்டியோடதுன்னு தெரியலண்ணே."

அவர் போல்ட்டைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி போல்ட்டைப் பார்த்தார். "பாட்டில் கூட்டோடதா இருக்கும்."

"ஹேண்டில்பாரோடதா இருந்தா?"

"உன் புத்தியே அப்படித்தான். எப்பவும் கெட்டதுதான் முதல்ல தோணும்." சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் கியரை மாற்றவே மறந்துவிட்டார், வேன் உறுமிக்கொண்டே போனது.

எங்கள் பந்தயம் சின்னப் பந்தயம். ஓட்டுகிறவர்கள் காதில் பேசுகிற கருவியெல்லாம் கிடையாது. வேன்கள் கூட்டத்தைத் தாண்டி முன்னால் போகக்கூடாது. மலை உச்சியில் தண்ணீர் கொடுப்பதற்கு மட்டும் ஒரு குறுக்குச் சாலை வழியாகப் போகலாம். அதுவரை, தண்ணீருக்காகப் பின்தங்கி வேனிடம் வருகிறவர்களைத்தான் பார்க்க முடியும்.

முதலில் வாத்தியார் வந்தார். வாரத்தில் ஐந்து நாள் கணக்குப் பாடம், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். ஜன்னல் ஓரமாக வந்து கையை நீட்டினார்.

"சார், ஹேண்டிலை ஆட்டிப் பாருங்க."

"ஓட்டிட்டு இருக்கும்போதா? என்னைக் கொல்லணும்னு முடிவே பண்ணிட்டியாம்மா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து எட்டிப் பார்த்தேன். கிளாம்பில் நான்கு தலையும் வரிசையாக இருந்தன. பாட்டில் கூட்டிலும் குறையில்லை. தண்ணீரைக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்து இரட்டையர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எதையும் சேர்ந்தே செய்கிற பிள்ளைகள், தாகமும் சேர்ந்தேதான் எடுக்கும். இருவர் வண்டியிலும் எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு வண்டியும் சரியாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. இவர்களில் ஒருவர் வண்டியிலாவது குறை இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். தான் பூட்டிய வண்டியில் ஓட்டை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட மெக்கானிக் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

மீதி இருந்தது தம்பி மட்டும். அவன் தண்ணீருக்கு வரவில்லை. கூட்டத்தை உதறிவிட்டு இன்னும் இரண்டு பேரோடு முன்னால் போய்விட்டான் என்று மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் சொன்னார். முதலாளி குஷியில் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம்தான் என் நினைவு வந்திருக்க வேண்டும், கையை எடுத்துக்கொண்டார்.

குறுக்குச் சாலையில் திரும்பினோம்.

"நம்ம கடைச் சட்டை இதுவரைக்கும் முன்னாடி போனதே இல்ல" என்றார்.

"தெரியும்ண்ணே."

"இப்ப அவனை நிறுத்தினா, அவ்வளவுதான்."

"தெரியும்ண்ணே."

"நிறுத்திப் பார்த்து எல்லாம் சரியா இருந்தா?"

போல்ட்டை விரலால் உருட்டினேன்.

"நீயே முடிவு பண்ணு. உன் தம்பி" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்தால் நம்ம கடை, விழுந்தால் என் தம்பி. நிறுத்து என்று சொல்லியிருக்கலாம், நிறுத்தாதே என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லாமல் என் தலையில் கட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் வேனை ஓரம் கட்டினோம். காற்று பலமாக வீசியது. தூரத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்து, மூன்று ஆட்களாக வளர்ந்தன. நடுவில் தம்பி. அவன் முகம் தெரிகிற தூரம் வந்தபோது பார்த்தேன். வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரிய, சிரித்துக்கொண்டு வந்தான். மேட்டில் ஓட்டும்போது அவன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இந்த முகத்தை நிறுத்த நான் யார் என்று ஒரு கணம் ஓரமாக ஒதுங்கினேன். உடனே அந்த இறக்கமும், அதன் வளைவுகளும், வளைவுக்கு வளைவு பெயர்ந்து கிடக்கிற தாரும் கண்முன் வந்தன. சாலை நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

மற்ற இருவரும் என்னைத் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். தம்பி என் காலில் முட்டாத குறையாக நிறுத்தினான்.

"என்னக்கா?"

போல்ட் இறுக்குகிற ஆலன் கீயை எடுத்துக் கிளாம்பில் வைத்தேன். முதல் போல்ட் அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. மூன்று, நான்கு. எல்லாம் இருந்தன, எல்லாம் இறுக்கமாக இருந்தன. குனிந்து பாட்டில் கூட்டைப் பார்த்தேன். அதிலும் குறையில்லை. நிமிர்ந்தபோது மற்ற இருவரின் முதுகும் முதல் வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. போ."

அவன் போகவில்லை. "பின்ன எதுக்கு நிறுத்தினே?"

போல்ட்டைக் காட்டினேன்.

"இது எதோடது?"

"தெரியல."

அந்த ஒரு வார்த்தையை நான் விழுங்கியிருக்க வேண்டும். அவன் போல்ட்டைப் பார்த்தான். ஹேண்டில்பாரைப் பிடித்து ஆட்டினான், இன்னொரு முறை ஆட்டினான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"உனக்கே தெரியலன்னா நான் எதை நம்பி இறங்கறது? ஸ்பேர் வண்டியக் குடு. சீக்கிரம்."

முதலாளி அதற்குள் வேன் கூரையிலிருந்து ஸ்பேர் வண்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார். தம்பி காலைத் தூக்கிப் போட்டு ஏறினான். தள்ளிவிடுவதற்காக வழக்கம்போல முன்பக்கம் பிடித்தேன். என் கட்டைவிரல் கிளாம்பின் மேல் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

அங்கே மூன்று போல்ட்தான் இருந்தன.

அப்போதுதான் நினைவு வந்தது. தம்பியை நம்பித்தான் இறங்குகிறோம், ஸ்பேரையும் அவன் அளவுக்கு மாற்றி வை என்று நேற்றுக் கடைசி நேரத்தில் முதலாளி சொல்லியிருந்தார். ஸ்டாண்டில் இருந்தது அதுதான். நான்கு பேர் ஓட்டுகிற நான்கு வண்டிகளைச் சுற்றியே என் புத்தி ஓடியது. ஆள் ஏறாத வண்டி ஒன்று என் தலைக்கு மேலேயே வந்துகொண்டிருந்தது கடைசிவரை தோன்றவில்லை.

"இறங்குடா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவனும் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டான். முதலாளியும் பார்த்தார்.

"உன் வண்டி நல்லா இருக்கு. கண்ணாலயும் பார்த்துட்டேன், கையாலயும் பார்த்துட்டேன். போ கண்ணு."

தன் வண்டியில் ஏறிப் போனான். முதல் வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே பிரேக் கிறீச்சிடுவது கேட்டது. அந்த இடத்தில் அவன் பிரேக்கைத் தொட்டதே கிடையாது. கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த கூட்டம் மொத்தமும் எங்களைக் கடந்து அவன் பின்னால் சரிந்து இறங்கியது.

கீழே அவன் வாத்தியாருக்கும் பின்னால் வந்து சேர்ந்தான். மேனேஜர் வேறு பையன்களோடு பேசிக்கொண்டிருந்தார். முதலாளி தம்பியின் முதுகைத் தட்டி, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றார். அடுத்த தடவை கிடையாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினான். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஒவ்வொன்றாக நான் நீவிவிட்டேன். அவனும் கையைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

"போல்ட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கே தெரியுது" என்றான். "ஆனா ஒவ்வொரு வளைவுலயும் நீ ரோட்டுல நின்ன மூஞ்சிதான் வந்துச்சு."

"திட்டிடுடா."

"எதுக்குத் திட்டணும்? நடுவுல பஞ்சராகி அந்த ஸ்பேர்ல ஏறியிருந்தா..." என்னாலும் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. அவனைக் காப்பாற்றியதும் நான், கவிழ்த்ததும் நான். எதில் எதைக் கழிப்பது என்று தெரியவில்லை.

"திங்கக்கிழமை மாமாவைப் போய்ப் பார்க்கறேன்" என்றான். "ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டுவேன்." விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். "இனிமே என் வண்டிய நானே பூட்டிக்கறேன்க்கா. கோவமெல்லாம் இல்ல."

கோபம் இருந்திருக்கலாம். அவன் கோபம் எத்தனை நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும், தீர்ந்ததும் தானாக வந்து பேசுவான். நம்பிக்கை போனது அப்படி இல்லை. மனசு விட்டுப்போனது எனக்கு. சரி என்று சொல்லி ஆலன் கீயை அவன் கையில் கொடுத்தேன்.

அப்போதே தன் வண்டிமுன் மண்டி போட்டு உட்கார்ந்தான். கிளாம்பின் முதல் போல்ட்டில் கீயை வைத்தான். இத்தனை வருஷத்தில் அவன் அதைத் தொட்டதில்லை, தொட வேண்டிய தேவையும் வந்ததில்லை. கீயைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"எவ்வளவு இறுக்கினா போதும்க்கா?"

அது ஏற்கெனவே சரியாக இறுகி இருந்தது. உச்சியில் நானே பார்த்த போல்ட். இதற்கு மேல் இறுக்கினால் மரை கெட்டுவிடும் என்று மெக்கானிக்குகளுக்குத் தெரியும். அக்காக்களுக்குத் தெரிவதில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

அவன் திருப்பினான்.

"இன்னும் கொஞ்சம்."