செவ்வந்தியின் எச்சில்

சிம்பன்சியின் எச்சிலிலிருந்து எடுத்த டி.என்.ஏ. ஏறக்குறைய முழுக்க மனிதனுடையதாக வந்திருந்தது. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் நூறு எழுத்துகளில் ஒன்றிரண்டுதான் வேறுபடும். ஆனால் அந்த ஒன்றிரண்டு இருந்தாக வேண்டும். அதை வைத்துத்தான் யாருக்கு யார் எவ்வளவு நெருங்கிய உறவு என்று ஜோவிதா தன் ஆய்வேட்டின் உறவு மரத்தில் கிளை வரைய முடியும். மாதிரியில் யாருடைய எச்சிலோ கலந்திருந்தது.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் பிரகாசம், கோபித்துக்கொள்ளவில்லை. ஆய்வேடு தர வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால், மறுநாள் மயக்க ஊசி போட்டு ரத்தமாகவே எடுத்துவிட விலங்குக் காப்பகத்து டாக்டரிடம் சொல்லிவிட்டதாகக் கூறினார்.

ஜோவிதா அன்று மாலையே துடியலூருக்குப் பஸ் ஏறினாள். மூடிப்போன சர்க்கஸ்களிலிருந்து மீட்ட விலங்குகளை வைத்திருக்கும் அந்தச் சின்னக் காப்பகம் அங்கேதான் இருந்தது. போன முறை கூண்டுக்குள் போய்ப் பஞ்சுக்குச்சியால் எச்சில் எடுத்துத் தந்தவர், சிம்பன்சி செவ்வந்தியைப் பார்த்துக்கொள்ளும் அப்புசாமி. அவரிடம் நடந்ததைக் கேட்டாள். அவர் எதையும் மறைக்கவில்லை.

"குச்சியக் கண்டாலே அதுக்குப் பயமுங்க அம்மணி. அடி வாங்குன சென்மம். அதான் முதல்ல என்ற வாய்ல வெச்சுக் காட்டிப்போட்டு, அப்பறம் அதும் வாய்ல வெச்சனுங்க. தப்புங்களா?"

திட்டுவதற்கும் அவளுக்குத் தெம்பில்லை. அப்படியானால் பரிசோதனையில் வந்தது நீங்கள்தான் என்றாள்.

"எங்கூட்டுக்காரி என்னையக் கொரங்குன்னுதானுங்க சொல்லுவா. உங்க மிசினாச்சும் மனுசன்னு சொல்லீருக்குதே."

ஊசி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. செவ்வந்திக்கு வயதாகிவிட்டது, நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது, மயங்கினால் எழுந்திருக்காது என்றார்.

ஜோவிதா பையிலிருந்து புதுக் குச்சிகளையும் கையுறையையும் முகக்கவசத்தையும் எடுத்தாள். உள்ளே போகுமுன் அப்புசாமி ஒரு குச்சியைத் தன் வாயில் வைத்துக் காட்டினார். பிறகு கவசம் மாட்டிக்கொண்டு, வேறொரு குச்சியோடு கூண்டுக்குள் செவ்வந்தியருகே உட்கார்ந்தார். செவ்வந்தி வாயைத் திறக்கவில்லை. அதன் பார்வை கம்பிக்கு இந்தப் பக்கமே இருந்தது.

"அது உங்களையத்தானுங்க பாக்குது," என்றார்.

ஜோவிதா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். தனக்கென்று ஒரு குச்சியை எடுத்துக் கன்னத்தின் உட்புறம் மெல்லத் தேய்த்தாள். கால் மரத்தது. ஜெபிக்கக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்தபடியே இருந்தாள். ஆண்டவர் அதையே ஜெபமாக எடுத்துக்கொண்டிருப்பார். வெகுநேரம் கழித்துச் செவ்வந்தி தேய்ந்த பற்கள் தெரிய வாயைத் திறந்தது. அப்புசாமி அதன் கன்னத்தின் உட்புறம் குச்சியைத் தேய்த்து எடுத்துக் கம்பி வழியே நீட்டினார்.

அதைக் குழாயில் போட்டு மூடியதும் ஜோவிதா பிரகாசத்துக்குப் போன் செய்தாள்.

"ஊசி வேண்டாங்க சார். இதும் சரியா வரலீன்னா, சிம்பன்சிக் கிளை இல்லாமயே குடுத்தர்றேன்."

அந்தக் கிளை இல்லாவிட்டால் ஆய்வேட்டில் என்ன மிஞ்சும் என்பது இருவருக்கும் தெரியும்.

"டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றார் பிரகாசம். "நீ ஏதாச்சும் சாப்பிட்டயாம்மா?"