துக்கத்துக்கு இங்கிலீஷ்

பூங்கொடிக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாய் இறுகிக் கிடந்தன. மறைமலைநகர் கம்பெனியில் கார் ஒயர் கட்டுகிற லைன். எட்டு மணி நேரமும் நின்றபடியேதான் வேலை. அவளுக்கே இந்தக் கதி என்றால் பக்கத்தில் நிற்கிற ஜெயப்பிரியாவைச் சொல்லவே வேண்டாம். தம்பி பைக்கில் அடிபட்டுச் செத்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஒயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள்.

மாசக் கடைசியில் லைனில் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி எழுத வேண்டும். எழுதினது யார் என்று வெளியே விடமாட்டார்கள். இந்தத் தடவை பூங்கொடி கைக்கு வந்தது ஜெயப்பிரியாவின் ஃபாரம். மனநிலை என்ற கட்டத்தில் இங்கிலீஷில் ஒரே சொல் எழுத வேண்டும்.

துக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் பேக்கிங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பூங்கொடி நினைத்தாள். ஸேட் என்று எழுதலாம். ஆனால் அது எல்கேஜி பிள்ளை படிக்கிற சொல், சாருங்க மதிக்கமாட்டாங்க. பன்னிரண்டாவது பாஸ் பண்ணினவள் கொஞ்சம் கனமாக எழுத வேண்டாமா? போனில் தேடினாள். கிளூமி. இருண்ட, துயரம் கவிந்த. ஜெயப்பிரியாவின் முகத்தைப் பார்த்தே போட்டமாதிரி இருந்தது. குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தாள்.

நாலாம் நாள், வேலை நீடிக்கிறவர்களின் புது கான்ட்ராக்ட் லிஸ்ட் ஒட்டினார்கள். ஜெயப்பிரியா பேர் இல்லை.

பூங்கொடி சூப்பர்வைசர் பரணிதரனிடம் ஓடினாள். "பாவம், துக்கத்துல கீதுன்னுதான் சார் எழுதினேன். வேலைய வுட்டு எடுக்கச் சொல்லியா எழுதினேன்?"

"அதுக்கு ஸேட்னு போடவேண்டியதுதானே? அது இன்னிக்கு வரும், நாளைக்குப் போயிடும். ஒரு ஆளைப் பத்தி கிளூமின்னு எழுதினா, எப்பவும் மூஞ்சியத் தொங்கப்போட்டு பக்கத்துல இருக்கிறவங்களையும் கெடுக்கிற ஆளுன்னுதான் ஆபீஸ்ல படிப்பாங்க."

"போன்ல அர்த்தம் அப்டித்தான் சார் போட்டுருந்துச்சு."

"அர்த்தம் போன்ல இருக்கும்மா. எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு போன் சொல்லுமா?"

"அடிச்சிட்டு வேற எழுதித் தரேன் சார்."

"சிஸ்டத்துல ஏறிடுச்சு. போ, லைன் நிக்குது."

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஜெயப்பிரியா எப்போதும்போல அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எவளோ என்னிய பத்தி கெட்டதா எழுதிப்புட்டாளாம்க்கா. நம்ம லைன்ல நிக்கிற இந்த வேண்டாவாத்தான் இருக்கும். நாம கக்கூஸ் போனாக்கூட மணி பாப்பாளே! அவ கையில புழு வைக்க!"

முன் சீட்டில் வேண்டா வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சும்மா இருடி."

"இன்னாக்கா, அவளுக்கு வக்காலத்தா? உன் கைக்கு என் ஃபாரம் வந்திருந்தா எனக்கு இந்த கதி வந்துருக்குமா?"

திருப்போரூரில் ஜெயப்பிரியா இறங்கினாள். இறங்கியவள், வேண்டாவின் ஜன்னலுக்கு நேரே காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வேண்டா திடுக்கிட்டு விழித்தாள். "இன்னாத்துக்குடி துப்பிட்டுப் போறா?"

"தெரியலியே" என்றாள் பூங்கொடி.

நான்தான் எழுதினேன் என்கிற ஒரு வார்த்தை, ஜெயப்பிரியாவுக்கும் வேண்டாவுக்கும் அவள் தரவேண்டிய கடன். இன்னும் தந்தபாடில்லை.